கொடுப்பவர் ஒருவர், காப்பவர் பலர்

திருவொற்றியூர்த் தேரடியில் பிறந்து வளர்ந்தவன் நான். என் அண்ணன் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டியவர். இருபத்தொன்பதாம் வயதில் அவருடைய இரு சிறுநீரகங்களும் செயலிழந்தன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று பதினான்கு மாதங்கள் ஓடின. அம்மா தம் சிறுநீரகத்தைக் கொடுக்க முன்வந்தார்.

தாய் கொடுப்பார், மருத்துவர் பொருத்துவார், அண்ணன் பிழைப்பார் என்று எண்ணியிருந்தேன். என்ன பேதைமை!

அரசு மருத்துவமனையில் எங்களை முதலில் சந்தித்தவர் அறுவை மருத்துவர் அல்லர். உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். அந்த அம்மையார் அம்மாவைத் தனியே அழைத்து, "யாராவது வற்புறுத்தினாங்களாம்மா?" என்று கேட்டாராம். "பெத்தவளுக்கு யாரும்மா சொல்லணும்?" என்றாராம் அம்மா.

குறித்த நாளன்று மயக்க மருந்து நிபுணர் ஒருவர், விபத்தில் அடிபட்டவருக்காக அவசரமாக அழைக்கப்பட்டார். கொடுப்பவருக்கு ஓர் அரங்கு, பெறுபவருக்கு ஓர் அரங்கு; இரண்டிலும் ஒரே வேளையில் ஆள் வேண்டும். அரங்கு இருந்தது, கருவி இருந்தது, கொடுக்கத் தாய் இருந்தார், ஆள் இல்லை. பத்து நாள் தள்ளிப்போயிற்று. யாரை நோவது? அவர் காக்கச் சென்றதும் ஓர் உயிரைத்தானே!

அறுவைக்குப் பின் செவிலியர் ஒருவர் மணிக்கொரு முறை அண்ணனின் சிறுநீரை அளந்து குறித்தார். நள்ளிரவில் அளவு குறைந்ததைக் கண்டு மருத்துவரை எழுப்பியவரும் அவரே. அவர் கண்ணயர்ந்திருந்தால்?

இறந்தோர் கொடைக்கு இன்னும் பலர் வேண்டும். மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளிவிட்டு இருமுறை சோதித்து உறுதி செய்ய வேண்டும். அவர்கள் உறுப்பு மாற்று அறுவைக் குழுவினராக இருக்கக் கூடாது. அழுது நிற்கும் குடும்பத்தாரிடம் பக்குவமாகப் பேசவும் ஒருவர் வேண்டும்.

ஆளில்லாக் குறையின் மறுமுகத்தையும் எங்கள் பகுதி கண்டதுண்டு. 2004 ஆழிப்பேரலையில் பிழைப்பிழந்து எர்ணாவூர் சுனாமி நகரில் குடியேறிய பெண்கள் பலர், வறுமையால் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007இல் நாட்டையே உலுக்கியது. விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994லேயே வந்துவிட்டது. சட்டம் தாளில் இருந்தது. தரகன் தெருவில் இருந்தான். அம்மாவிடம் கேட்ட அந்த ஒரு கேள்வியை அப்பெண்களிடமும் தனியே, பரிவோடு கேட்க ஒருவர் இருந்திருந்தால்? ஒருங்கிணைப்பாளரின் நாற்காலி காலியாக இருந்தால், அதில் தரகன் வந்து அமர்ந்து விடுவான்.

மருத்துவமனைகள் ஒருங்கிணைப்பாளரை நியமித்தே ஆக வேண்டும் என்று 2011ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கட்டாயமாக்கியது. மாணவ நண்பர்களே! அப்பணிக்கு மருத்துவப் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. எந்தப் பாடத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றவரும் வரலாம். சமூகப் பணியில் முதுகலை படித்தவருக்கு முன்னுரிமை உண்டு என்கின்றன 2014ஆம் ஆண்டு விதிகள்.

அண்ணன் இன்று தேரடியில் சிறு கடை வைத்திருக்கிறார். பொருளியல் இறுதியாண்டில் இருக்கும் நான், அடுத்துச் சமூகப் பணி படிக்க முடிவு செய்துவிட்டேன். அந்த நாற்காலிகளுள் ஒன்றில் நான் அமர வேண்டும்.