மருமகனிடம் நான் வாங்கிய அடி

முதல் ரவுண்டில் நான் பத்து நொடிகூடத் தாங்கவில்லை. திரையில் என் ஆள் அந்தரத்தில் பந்து மாதிரி உதைபட்டுக்கொண்டே இருந்தாள். கீழே விழுந்தால்தானே எழுந்திருக்க முடியும்? கையிலிருந்த கன்ட்ரோலரில் எல்லா பட்டன்களையும் அமுக்கிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் என் அண்ணன் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து மாதத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

செஞ்சிப் பக்கத்துக் கிராமம் அவனுக்கு. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். எங்கள் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்ததும், "ஹாஸ்டல்லாம் வேணாம்ணே, அத்தை வீடு எதுக்கு இருக்கு" என்று இரும்புலியூருக்கு அழைத்து வந்துவிட்டேன். பையன் தங்கமான பையன். ஆனால் பேச மாட்டான். சாப்பிட்டியா என்றால் தலையாட்டல், காலேஜ் எப்படி என்றால் இன்னொரு தலையாட்டல். பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் ஒரு வாரம் தாமதமாகத்தான் திரும்பினான். அண்ணன் போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "படிப்பு வேணாம், நிலத்தைப் பாத்துக்குறேன்றான்மா. நீயாவது என்னன்னு கேளு."

எங்கே கேட்பது? ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹாலில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு டெக்கன் ஆடிக்கொண்டிருப்பான். புனேயில் வேலைக்குப் போன என் மகன் விட்டுச்சென்ற பிளேஸ்டேஷன் 4 அது. "அதைப் பரண்ல தூக்கிப் போடு, தானா படிப்பான்" என்றார் என் கணவர். அதைப் பரணில் போட்டால் அந்தப் பையனுக்கு இந்த வீட்டில் மிச்சம் இருப்பது என்ன என்று எனக்குத் தோன்றியது. ஒருநாள் தூக்கம் வராமல் எழுந்து வந்து, இன்னொரு கன்ட்ரோலரைக் கையில் எடுத்தேன். வயது 46. குரோம்பேட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். அதுவரை நான் ஆடிய ஒரே வீடியோ கேம், பழைய நோக்கியாவில் இருந்த பாம்பு.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் விழும்வரை அடித்துக்கொள்ளும் விளையாட்டுகள் இவை. 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இந்த வகையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைவிட நெருக்கமானது டெக்கன் 3. 1998-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய கேம் கடைகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் ஒரு தலைமுறையே அதில்தான் வளர்ந்தது. என் மருமகன் அதைச் செல்போனில் எமுலேட்டர் போட்டு ஆடிப் பழகியவன்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, பரிதாபப்பட்டு எனக்கு எடி கோர்டோ என்ற ஆளை எடுத்துக் கொடுத்தான். பிரேசில் நாட்டுக் கபோயெய்ரா ஆட்டக்காரன். கையை ஊன்றிக் காலால் சுழன்று சுழன்று அடிப்பான். உதை பட்டன்கள் இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டினாலே போதும், பார்க்கிறவர்களுக்கு நாம் பெரிய வித்தைக்காரி மாதிரித் தெரியும். ஒரு ரவுண்டு ஜெயித்தும்விட்டேன்! என் கணவரை எழுப்பிச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

"அத்தை, இப்ப நான் குனிஞ்சு தடுக்கப் போறேன்" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எடியை வைத்து நான் ஜெயிக்கவே இல்லை.

அப்போதுதான் கேட்டேன், "ஏன்டா தோத்தேன்?" என்று. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போலப் பேச ஆரம்பித்தான். ஐந்து மாதத்துப் பேச்சும் அன்று ராத்திரி சேர்ந்து வந்தது.

டெக்கனில் அடிக்க நான்கே பட்டன்கள். இடது கை, வலது கை, இடது கால், வலது கால். அடி மூன்று உயரத்தில் வரும். நின்று தடுத்தால் மேல் அடியும் நடு அடியும் நிற்கும், கீழ் அடி காலில் விழும். குனிந்து தடுத்தால் கீழ் அடி நிற்கும், மேல் அடி தலைக்கு மேலே போய்விடும், ஆனால் நடு அடி முகத்திலேயே விழும். இதுவரை சரி, குழந்தைக்கும் புரியும். வினை அடுத்ததில் இருக்கிறது. ஒரு நொடியை 60 துண்டாக்கினால் ஒரு துண்டுக்குப் பெயர் ஃப்ரேம். வேகமான குத்து 10 ஃப்ரேமில் வந்து சேரும். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அசைய நமக்கு எப்படியும் 12, 15 ஃப்ரேம் ஆகிவிடும். ஆக, பார்த்துத் தடுக்கவே முடியாது. வரப்போவதை முன்கூட்டியே யூகிக்க வேண்டும்.

இதோடு, அடித்தவர் பழைய நிலைக்குத் திரும்பவும் சில ஃப்ரேம் ஆகும். பெரிய அடியைத் தடுத்துவிட்டால் அந்த இடைவெளி நமக்கு. "இப்ப யார் முறைன்னு பாருங்க அத்தை. உங்க முறை இல்லாதப்ப நீங்க கைய நீட்டுறீங்க, அதான் அடி விழுது." என் கணவர் பேசி முடிக்கும் முன் நான் வாயைத் திறக்கும்போதும் இதேதான் நடக்கிறது. அதை அவனிடம் சொல்லவில்லை.

சரி, இந்த விளையாட்டு புதியவர்களுக்கு ரொம்பக் கஷ்டமா? கஷ்டம்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் எந்த இடத்தில் கஷ்டம் என்பதில் எனக்கும் அவனுக்கும் இன்றுவரை வழக்கு ஓயவில்லை.

விரல்தான் கஷ்டம் என்பது அவன் கட்சி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. 1996-ல் பிளஸ் டூ முடித்த கையோடு திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் சேர்ந்தவள் நான். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. அந்த ஒரே வரியை எத்தனை தாள் அடித்திருப்பேன்! சுண்டுவிரலுக்கு 'ஏ' அமுங்கவே அமுங்காது. கீழே குனிந்து எழுத்தைப் பார்த்தால் மாஸ்டர் ஸ்கேலால் மேஜையில் ஒரு தட்டு தட்டுவார். லோயர் பாஸ் பண்ண நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. இரண்டும் பாஸ். அந்த விரல்கள்தான் இவை. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் கீழே, சாய்வாக முன்னே, நேராக முன்னே என்று ஒரே இழுப்பில் இழுத்துக் குத்தை அமுக்கினால் கையிலிருந்து நெருப்புப் பந்து கிளம்பும். அதைப் பழக எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதுமாயிருந்தது.

ஆனால் டைப்ரைட்டிங்கில் தப்பு செய்தால் தாளில் தெரியும். எந்த எழுத்து, எந்த விரல் என்று மாஸ்டர் சிவப்பு மையில் சுழித்துக் கொடுப்பார். இங்கே? தோற்றோம் என்பது மட்டும் பெரிய எழுத்தில் வருகிறது. எதனால் என்று யாரும் சொல்வதில்லை. டெக்கன் 7-ல் ஒவ்வோர் ஆளுக்கும் நூறு வித்தைக்கு மேல் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அடி விழுந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தர ஒரு பாடம் கிடையாது. அகராதியைக் கையில் கொடுத்துப் பேச்சுப் போட்டிக்கு அனுப்புகிற மாதிரி இருக்கிறது.

இணையத்தில் ஆடப் போனால் இன்னும் மோசம். கேம் வந்த புதிதில் எல்லோரும் கற்றுக்குட்டிகள். சில வருடம் போனால் தோற்றவர்கள் விலகிவிடுவார்கள், தேறியவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அதன் பிறகு போகும் புதியவருக்குத் தன்னை மாதிரி இன்னொரு புதியவர் கிடைப்பதே அபூர்வம். கிரிக்கெட் என்றால் தோற்றதற்குப் பந்துவீச்சாளரைத் திட்டலாம். இங்கே நமக்கு நாமேதான்.

தயாரிக்கிறவர்களுக்கும் இது உறைத்திருக்கிறது. 2023 ஜூனில் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் 'மாடர்ன்' என்று ஒரு முறை வைத்தார்கள். அந்த நெருப்புப் பந்து ஒரே பட்டனில் வந்துவிடும், அடியின் வலு மட்டும் கொஞ்சம் குறையும். 2024 ஜனவரியில் வந்த டெக்கன் 8-லும் 'ஸ்பெஷல் ஸ்டைல்' என்று அதே மாதிரி ஒன்று உண்டு. "அது ஏமாத்து வேலை அத்தை" என்பான் மருமகன். கியர் இல்லாத ஸ்கூட்டி வந்ததால்தான் நான் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி ஓட்டுகிறேன், அதுவும் ஏமாற்று வேலையா என்று கேட்டேன். பதில் இல்லை. (ஆனாலும் அந்த ஒற்றை பட்டன், ஏன் தோற்றோம் என்பதைச் சொல்வதில்லை. அது அவன் பக்கத்துக்கு ஒரு மதிப்பெண்.)

என் வயதைச் சொல்லிக் கிண்டல் செய்தபோது அவனே ஒரு செய்தியையும் காட்டினான். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பதக்கப் போட்டியாக இருந்தது. இந்தியாவிலிருந்து மயங்க் பிரஜாபதியும் அயன் பிஸ்வாஸும் போனார்கள். தங்கம் வாங்கியவர் தென்கொரியாவின் கிம் குவான்-வூ, வயது 44. என்னைவிட இரண்டே வயது இளையவர்! அன்று எனக்கு ஒரு காபி அதிகமாகவே இறங்கியது.

அவனுடைய நாயகன் வேறு. லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ். 2019-க்கு முன் வெளியே பெரிதாக யாருக்கும் தெரியாத ஆள். விசா சிக்கல், விமானச் சிக்கல் எல்லாம் தாண்டி ஜப்பான் போய் டெக்கன் 7-ல் ஈவோ ஜப்பான் பட்டத்தைத் தட்டினார். அதே வருடம் லாஸ் வேகாஸ் ஈவோவிலும் அவரே. தன் ஊரில் தனக்குச் சமமாக ஆடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னதை மருமகன் கண் விரிய விவரித்தான். "பக்கத்துல உக்காந்து ஆடுறவங்க இருந்தாங்க அத்தை. தோத்தா உடனே கேக்கலாம்ல."

பிப்ரவரிக் கடைசியில் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தது. கணிதம், இயற்பியல், பைத்தான். மூன்று அரியர்.

அன்று அவன் டிவியைப் போடவே இல்லை. நானும் லைட்டைப் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "ஏன் தோத்தேன்னே தெரியல அத்தை" என்றான். வகுப்பில் வேகவேகமாக ஆங்கிலத்தில் எழுதிப்போட்டு அழித்துவிடுகிறார்களாம். கை தூக்கிக் கேட்டால் பின்னாலிருந்து சிரிக்கிறார்களாம். மற்றவர்கள் எல்லோரும் பத்து வருடமாக ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டத்துக்குள் தான் புதிதாக இறங்கிவிட்ட மாதிரி இருக்கிறதாம்.

எனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. நானும் தமிழ் மீடியம்தான். முதல் வேலையில் 'என்க்ளோஷர்' என்ற வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் கழிப்பறையில் நின்று அழுதவள். "பேப்பரைப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டேன். விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பது அவனுக்குத் தெரியும். பார்க்கத்தான் பயம். தோற்ற ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லி என்னை எத்தனை ராத்திரி உட்கார வைத்திருக்கிறான்! அதைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தான்.

கணிதத் தாளின் நகல் வந்தது. சாப்பாட்டு மேஜையில் பரப்பினோம். எனக்கு அதில் ஒரு மண்ணும் புரியாது. அலுவலகத்தில் வவுச்சர் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொரு கேள்வியாக, "இங்க எதனால போச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். இரண்டு இடத்தில் கழித்தல் குறி காணாமல் போயிருந்தது. ஒரு பெரிய கேள்வியில் ரொம்ப நேரம் நின்றான். கேலி-ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்க்கச் சொல்லி, 'ஹென்ஸ்' போட்டு, நேர்மாறு அணியைக் கேட்டிருந்தார்கள். அந்தத் தேற்றத்தைக் கொண்டே மூன்று நான்கு வரியில் முடித்திருக்கலாமாம். இவன் அதைத் தனிக் கேள்வி என்று நினைத்துப் பழைய முறையில் இரண்டு பக்கம் போட்டிருக்கிறான். கடைசி இரண்டு கேள்விகளுக்கு நேரமே இல்லை.

"ஹென்ஸ்னா 'அதைக் கொண்டு'ன்னு அர்த்தமா?"

"ஆமாண்டா."

"இதுவா அத்தை? இந்த ஒரு வார்த்தையா?" சிரித்தானா அழுதானா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டான். கேள்வித்தாளில் வரும் 'டெடியூஸ்', 'ஜஸ்டிஃபை' போன்ற வார்த்தைகள் ஒருபுறம், தமிழ் மறுபுறம். ஆட்டம் ஒன்பதரைக்கு, ஒரு மணி நேரம், நோட்டுக்குப் பிறகு. அது அவனே போட்ட சட்டம். என் கணவர் பரணைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

மே மாதத்தில் ஒருநாள் அவன் கீழ் அடி போடப் போகிறான் என்று எனக்கு எப்படியோ தெரிந்தது. தோளை லேசாகச் சாய்ப்பான், அதுவாக இருக்கலாம். குனிந்து தடுத்தேன். அவன் ஆள் ஒரு கணம் தடுமாறி நின்றான். என் முறை. ஷியாவ்யூவை வைத்து, தெரிந்த ஒரே வரிசையைத் தப்பில்லாமல் அடித்தேன். ரவுண்டு எனக்கு. எடி இல்லாமல், அவன் விட்டுக்கொடுக்காமல். அடுத்த இரண்டு ரவுண்டிலும் என்னைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் இரண்டாம் செமஸ்டர் ரிசல்ட். கணிதமும் இயற்பியலும் போய்விட்டன. ஊரிலிருந்து அண்ணன் போனில் குரலைத் தாழ்த்தாமல் பேசினார். புதிதாக அரியர் எதுவும் விழவில்லை, பழைய பைத்தான் மட்டும் நிற்கிறது.

"அது இன்னும் என்னை அந்தரத்துலயே வச்சு அடிக்குது அத்தை" என்றான்.

விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வியாழக்கிழமை கடைசித் தேதி. பணம் கட்டிவிட்டோம்.