கால் கொடுத்த தாடை



எலும்பு மண்டலத்தைக் கற்பிக்கும்போது மண்டையோடு, விலா எலும்பு, முதுகெலும்பு என்று விளக்கிவிட்டுக் காலுக்கு வரும்போது நாம் சற்று விரைந்துவிடுகிறோம். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உள்ளன. உட்புறம் இருப்பது தடித்தது. உடல் எடையின் பெரும்பகுதியைத் தாங்குவது அதுவே. வெளிப்புறம் இருக்கும் மெல்லிய எலும்பே கணைக்கால் வெளியெலும்பு. மருத்துவர்கள் இதனைப் ‘பிபுலா’ என்பர். கணுக்காலின் வெளிப்புறம் புடைத்திருப்பது இதன் கீழ்முனைதான்.

“எடையைத் தாங்காத எலும்பு எதற்கு, டீச்சர்?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தசைகள் பற்றிக்கொள்ளவும், கணுக்கால் விலகாமல் இருக்கவும் அது வேண்டும். இவ்விடையோடு மற்றொன்றையும் நான் சொல்வேன். அதனை என் அத்தையிடம் கற்றேன்.

அத்தை செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைக் குளிருக்கும் பசிக்கும் அவருக்குத் துணை வெற்றிலை பாக்குதான். ஈறில் தோன்றிய புண்ணைப் பல மாதங்கள் எவரிடமும் சொல்லவில்லை. புற்றுநோய் என்று தெரிந்தபோது அது கீழ்த்தாடை எலும்பில் பரவியிருந்தது.

நோயுற்ற தாடைப் பகுதியை அகற்றிய மருத்துவர்கள், காலிலிருந்து இந்த மெல்லிய எலும்பின் நடுப்பகுதியை அதன் இரத்தக் குழாய்களோடு எடுத்தனர். அதனைத் துண்டுகளாக்கித் தாடையின் வளைவுக்கு ஏற்ப அமைத்து, கழுத்தின் இரத்தக் குழாய்களோடு இணைத்தனர். இரத்தம் ஓடுவதால் எலும்பு உயிரோடு இருக்கும். கணுக்கால் உறுதியாக இருப்பதற்காகக் கீழ்முனையை விட்டுவைப்பார்கள். நியூயார்க் மருத்துவர் டேவிட் ஹிடால்கோ தாடைக்கான இம்முறையை 1989-இல் வெளியிட்டார். இன்று இது உலகெங்கும் செய்யப்படுகிறது.

அத்தை மீண்டும் நடந்தார். கஞ்சியும் குழைந்த சோறும் உண்டார். ஆனால், பேச்சு பழையபடி தெளியவில்லை. பேரப்பிள்ளைகள் இருமுறை கேட்டே புரிந்துகொண்டனர்.

பாக்கு மரத்தின் மலாய்ப் பெயரே நம் மாநிலத்தின் பெயர். அந்தப் பாக்கு, புகையிலை சேராவிட்டாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003-இல் அறிவித்தது. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியரிடையே மிகுதியாகக் காணப்படுவதற்கு இப்பழக்கம் முக்கியக் காரணம்.

தாம்பூலத் தட்டைத் தள்ளிவைக்க நான் சொல்லவில்லை. அது மங்கலத்தின் அடையாளம், தட்டிலேயே இருக்கட்டும். நாள்தோறும் மெல்லும் பழக்கத்தைத்தான் விட வேண்டும். வாயில் இரண்டு வாரம் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால் பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இதனைப் பாட்டியிடம் நாம் சொன்னால் சிரித்து மழுப்புவார். பேரப்பிள்ளை “வாயைத் திற பாட்டி, பார்க்கிறேன்” என்றால் மறுக்கமாட்டார். ஆகவே, அடுத்த முறை எலும்புப் பாடம் நடத்தும்போது, ஆசிரியர்களே, இந்த வீட்டுப்பாடத்தையும் கொடுங்கள். பெற்றோர்களே, அதனைச் செய்ய உதவுங்கள்.