வெட்டிய வளைவும் வளைத்த வளைவும்

உத்திரமேரூரைக் குடவோலைக் கல்வெட்டின் வழியாக அறிந்தவர்கள் பலர். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்ட ஊராட்சி விதிகளைக் காண வெளியூர்களிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். அந்தக் கோயிலிலிருந்து சற்றுத் தொலைவில், ஏரிப்பாசனத்தை நம்பி வாழும் சிற்றூர் ஒன்றில் என் தந்தையார் தச்சராக இருந்தார். கல்லில் எழுதப்படாத விதிகள் சில அவரிடமும் இருந்தன. வளைந்த பொருள் வேண்டுமானால் வளைந்த மரத்தைத் தேட வேண்டும் என்பது அவற்றுள் முதலாவது.

கலப்பைக்கு ஏற்ற கோணத்தில் கிளைத்து நிற்கும் கருவேல மரத்தை ஏரிக்கரையில் நடந்துபோகும்போதே அவர் கண்டு வைத்துக்கொள்வார். "அது கலப்பையாவே நிக்குது" என்பார். பக்கத்தில் நடக்கும் எனக்கு அது வெறும் முள்மரமாகத்தான் தெரியும். இரண்டு ஆண்டுகள் கழித்து, கலப்பை கேட்டு ஒருவர் வரும்போது அந்த மரம் நினைவிலிருந்து எழுந்து வரும். இயற்கை கொடுத்த வளைவில் மரத்தின் ரேகையும் வளைந்தே ஓடும். அதனால் அது எளிதில் முறியாது. நேரான பலகையை வளைவாக அறுத்தெடுத்தால் வடிவம் மட்டுமே வளைந்திருக்கும். உள்ளே ஓடும் ரேகை நேராகச் சென்று விளிம்பில் அறுபட்டு நிற்கும். பாரம் ஏறினால் அந்த இடத்தில்தான் பிளக்கும்.

வண்டிச் சக்கரத்தில் அவருக்கு எப்போதும் ஒரு மனக்குறை இருந்தது. எங்கள் பக்கத்து மாட்டுவண்டிச் சக்கரத்தில் நடுவே குடம், அதிலிருந்து 12 ஆரக்கால்கள், அவற்றின் மறுமுனையில் 6 வட்டைகள். ஒவ்வொரு வட்டையும் இரண்டு ஆரக்கால்களைத் தாங்கும். ஆறு வட்டைக்கும் வளைந்த கிளை தேடி முடியாது. எனவே கனமான கட்டையிலிருந்து வளைவாக அறுத்துத்தான் ஆக வேண்டும். அறுபட்ட ரேகையின் வலுவின்மையை ஈடுசெய்வது இரும்புப் பட்டை. கொல்லர் உலையில் மூன்று உருளைகள் கொண்ட கை எந்திரம் ஒன்று இருந்தது. நீண்ட பட்டையை உருளைகளுக்கிடையே செலுத்திக் கைப்பிடியைச் சுற்றினால் அது சிறிது சிறிதாக வளைந்து வளையமாகும். அந்தக் கைப்பிடியைச் சுற்றக் கிடைக்கும் வாய்ப்புக்காகவே நான் அப்பாவுடன் உலைக்குச் செல்வதுண்டு. வளையத்தை வறட்டி நெருப்பில் பழுக்கக் காய்ச்சிச் சக்கரத்தின்மேல் இறக்கி நீரை ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி, வட்டைகளையும் ஆரக்கால்களையும் குடத்தையும் ஒன்றாக நெரித்துப் பிடிக்கும்.

இரும்பு வளையும், மரம் வளையாது. இப்படித்தான் அப்பா நம்பியிருந்தார். கூண்டு வண்டிக்கு மூங்கிலை அனலில் வாட்டி வளைக்கிறோமே என்று ஒருமுறை கேட்டேன். "மூங்கில் மரமில்லடா, புல்லு" என்று முடித்துவிட்டார். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் பகுத்திருப்பதை நான் கல்லூரியில் படித்தபோது, உளியும் கையுமாக அவர் சொன்ன அந்த விடைதான் முதலில் நினைவுக்கு வந்தது.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஆண்டில் அவருக்குப் புதிய வண்டி வேலை ஒன்றுகூட வரவில்லை. ஊருக்குள் உழவு எந்திரமும் டயர் வண்டியும் வந்துவிட்டன. பழைய சக்கரத்துக்கு வட்டை மாற்றுவது, கதவுக்குக் கீல் பொருத்துவது என்று நாள்கள் கழிந்தன. பட்டறையில் உளியின் ஓசை குறைந்து கொண்டே வந்ததை வீட்டில் எல்லோரும் உணர்ந்திருந்தோம். எவரும் அதைப் பேசவில்லை.

எங்கள் பள்ளியில் அப்போது ஹாக்கி அணி இருந்தது. 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் தமிழகத்தைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்திய அணி தங்கம் வென்ற பெருமிதம் உடற்கல்வி ஆசிரியரிடம் தணியாமல் இருந்தது. ஆனால் 11 பேர் ஆட வேண்டிய அணிக்கு முறியாத மட்டைகள் 6 மட்டுமே இருந்தன. முறிந்தவற்றை ஒரு கோணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு ஆசிரியர் எங்கள் பட்டறைக்கே வந்தார்.

"ஆசாரியாரே, கைப்பிடியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அடி மட்டும் போயிடுச்சு. ஏதாவது செய்ய முடியுமா?"

அப்பா ஒரு மட்டையை எடுத்து, முறிந்த வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு கொக்கிபோல் வளைந்த அடிப்பகுதியை இழைப்புளியால் இலேசாகச் சீவி, நீர் தொட்டுத் தடவினார். ஈரம் பட்டதும் ரேகைகள் தெளிந்தன. காம்பின் பக்கத்திலிருந்து இறங்கிய கோடுகள் எங்கும் அறுபடாமல் வளைவோடு வளைந்து நுனிவரை சென்றிருந்தன.

"சார், இது வெட்டின வளைவு இல்ல. இவ்வளவு சின்ன வளைவுல எந்தக் கிளையும் வளராது. இது வளைச்ச வளைவு" என்றார். சற்று நேரம் கழித்து, "என்ன மரம்?" என்று கேட்டார்.

முசுக்கட்டை என்றார் ஆசிரியர். பட்டுப்புழு தின்னும் இலையைத் தரும் மல்பெரி மரம். காஞ்சிப் பட்டின் இழைக்கும் ஜலந்தர் மட்டையின் வளைவுக்கும் மூலம் ஒரே இன மரம் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. இந்தியாவின் விளையாட்டுப் பொருள் தொழில் முன்பு சியால்கோட்டில் செழித்திருந்தது. 1947இல் நாடு பிரிந்தபோது கைவினைஞர்கள் பலர் ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் இடம்பெயர்ந்தார்கள். நன்கு வளையும் இயல்புடைய முசுக்கட்டையைச் சூட்டிலும் ஈரத்திலும் பதப்படுத்தி, கையால் இயக்கும் எந்திரத்தில் வைத்து வளைத்து, முனைகளைக் கயிற்றால் கட்டி உலர்த்துவது அவர்களுடைய தொழில்முறை. 1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக்கில் இந்தியா தங்கம் வென்ற காலம் மர மட்டையின் காலம். அந்த எந்திரத்தை எங்கள் ஊரில் எவரும் கண்டதில்லை. "கையால சுத்துறதுன்னு கேள்வி" என்பதற்கு மேல் ஆசிரியராலும் விளக்க முடியவில்லை.

அன்றிரவு அப்பா சரியாக உண்ணவில்லை. மறுநாள், எங்கள் தெருவில் ஒரு நெசவாளர் வீட்டுக் கிணற்றடியில் ஓங்கி வளர்ந்திருந்த முசுக்கட்டை மரத்தில் இரண்டு கிளைகளைக் கேட்டு வாங்கி வந்தார். அவற்றை அறுக்கவில்லை, ஆப்பு வைத்துப் பிளந்தார். பிளந்தால் ரேகை போகும் வழியிலேயே கட்டை பிரியும் என்பது காரணம். அம்மா நெல் அவிக்கும் அண்டாவில் பாதி நீர் ஊற்றி, மேலே குச்சிகளைப் பரப்பிக் கட்டைகளை நிறுத்தி, வாயை ஈரச் சாக்கால் மூடித் தீ மூட்டினார். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் நீராவி என்பது உலகெங்கும் மரம் வளைப்போர் கொள்ளும் கணக்கு. அப்பாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. கட்டையிலிருந்து எழுந்த மணம் மாறியதும் எடுத்தார்.

வளைப்பதற்காக அவர் அமைத்த கருவி முழுவதும் பழைய வண்டியிலிருந்து வந்தது. கனத்த அடிக்கட்டை ஒன்று. அதில் செங்குத்தாக நடப்பட்ட அச்சிரும்புத் துண்டு. அதில் செருகிய, 6 அங்குல விட்டமுள்ள உருளைக் கட்டை. அதே இரும்பை மையமாகக் கொண்டு சுழலும் ஆறு முழ நெம்புகோல். கட்டையின் ஒரு முனையை உருளையோடு பிணைத்து, நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு நடந்தால், நடப்பவரின் பலத்தில் கட்டை உருளையைச் சுற்றி வளைய வேண்டும். நானும் அப்பாவும் பிடித்து நடந்தோம். கால்வட்டம்கூட ஆகவில்லை, படாரென்ற ஓசையுடன் வெளிப்புறம் சிராய் சிராயாகப் பிளந்து எழுந்தது. இரண்டாவது கட்டையும் அவ்வாறே ஆயிற்று.

ஏன் பிளந்தது என்பதை இன்று ஒரு கணக்காகவே என்னால் சொல்ல முடியும். ஓர் அங்குலக் கனமுள்ள கட்டையை 6 அங்குல உருளையில் அரைவட்டமாகச் சுற்றினால், உள்விளிம்பின் நீளம் ஏறத்தாழ 9.4 அங்குலம், வெளிவிளிம்பின் நீளம் 12.6 அங்குலம். நேராக இருந்தபோது இரண்டும் சமம். அந்த 3 அங்குல வேறுபாடு எங்கிருந்து வரும்? ஒன்று, வெளிப்புறம் நீள வேண்டும். அல்லது உட்புறம் சுருங்க வேண்டும். மரம் நீள்வதற்கு இணங்குவதில்லை. நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்கு நீண்டதும் அறுந்துவிடும். ஆனால் நீராவியில் வெந்த நல்ல மரம் நெருக்கத்தைத் தாங்கும். நான்கில் ஒரு பங்கு அளவுக்குக்கூடச் சுருங்கும். மர நார்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தும் லிக்னின் என்னும் பொருள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் இளகிக் கொடுப்பதே அதற்குக் காரணம். ஆகவே வெளிப்புறத்தை நீளவிடாமல் தடுத்துவிட்டால், சுமை முழுவதும் உட்புறத்துக்குச் சென்றுவிடும்.

கணக்கில்லாமலே அப்பா அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். முறிந்த இரண்டு கட்டைகளையும் திண்ணையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார். "உள்பக்கம் ஒண்ணும் ஆகல பாரு. அது பொறுத்துக்குது. வெளிப்பக்கத்தாலதான் தாங்க முடியல" என்றார். பொழுது விடிந்ததும் கொல்லரிடம் போய் மெல்லிய இரும்புப் பட்டை ஒன்றை வாங்கி வந்தார். அதன் இரு முனைகளிலும் தடுப்புக் கட்டைகளை மறையாணியால் முடுக்கி, நடுவே கட்டை இறுக்கமாக அமரும்படி செய்தார். பட்டை வெளிப்புறமாக அமைய, மீண்டும் நெம்புகோலைப் பிடித்து நடந்தோம். இம்முறை படார் என்னும் ஓசை எழவில்லை. ஈரம் கசியும் முனகல் மட்டும் கேட்டது. அரைவட்டம் முடிந்தபோது அப்பா கண்களை மூடியிருந்தார். முறியும் ஓசைக்காகக் காத்திருந்தார் போலும்.

வளைந்த கட்டையை உடனே அவிழ்த்தால் அது மெல்ல விரிந்துவிடும் என்பதை அடுத்துக் கற்றுக்கொண்டார். எனவே வேண்டிய அளவைவிடச் சற்று மிகுதியாக வளைத்து, முனைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, மூன்று வாரம் நிழலில் உலர்த்தினார். பட்டை பூட்டி வளைத்தவை ஏழு. இரண்டில் உட்புறம் துணிபோல் மடிப்பு விழுந்து கெட்டது. ஐந்து தேறின. அவற்றைச் செதுக்கி, பழைய பிரம்புக் கைப்பிடிகளை அவற்றில் ஆப்பு வடிவில் செருகி, வச்சிரம் காய்ச்சி ஒட்டி, நூல் சுற்றினார். ஆறும் ஐந்தும் பதினொன்று.

பல ஆண்டுகளுக்குப் பின், பி.எட். படித்த காலத்தில், மிக்கேல் தோனே என்னும் தச்சரைப் பற்றி நூலகத்தில் படித்தேன். ஜெர்மனியின் போப்பார்ட் நகரில் 1796இல் பிறந்து, வியன்னாவில் தொழில் நடத்தியவர். நீராவியில் வெந்த பீச் மரக் கழியின் வெளிப்புறத்தில் இரும்புத் தகட்டைப் பிணைத்து, தொழிலாளர்கள் கையாலேயே அச்சில் வளைக்கும் முறையை அவர் நிலைநாட்டினார். 1859இல் வெளிவந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலி 6 மரத்துண்டுகளும் 10 திருகுகளும் 2 மறைகளும் மட்டுமே கொண்டது. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். அது கோடிக்கணக்கில் உலகெங்கும் விற்றது. மரம் வளைப்பது ஐரோப்பியர் கண்டுபிடித்ததும் அன்று. தச்சன் நல்ல மரத்தால் ஆன சக்கர விளிம்பை வளைப்பதை இருக்கு வேதம் உவமையாக்குகிறது. எகிப்தில் துட்டன்காமனின் கல்லறையில் கிடைத்த தேர்களிலும் வளைத்த மரம் உண்டு. பழங்காலத் தச்சர்கள் அறிந்திருந்த ஒன்று, அறுத்த வட்டையும் இரும்புப் பட்டையும் போதும் என்று ஆனபின், எங்கள் ஊர்ப் பட்டறைகளிலிருந்து எப்போதோ நழுவிப் போயிருக்க வேண்டும்.

விடுமுறைக்கு வந்தபோது தோனேயின் கதையை அப்பாவிடம் சொன்னேன். நாற்காலி எத்தனை விற்றது என்பதை அவர் கேட்கவில்லை. இரும்புத் தகட்டைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"அவருக்கும் முதல்ல வெளிப்பக்கந்தான் முறிஞ்சிருக்கும்" என்றார்.

இன்று முன்னணி ஹாக்கி ஆட்டக்காரர்களின் கையில் பெரும்பாலும் மரம் இல்லை. கார்பன் இழை கலந்த மட்டைகளே மிகுதியாக உள்ளன. 1976ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்தரைக்கு மாற்றாகச் செயற்கைத் தளம் வந்ததிலிருந்தே ஆட்டமும் கருவியும் மாறத் தொடங்கிவிட்டன. அப்பாவின் நெம்புகோல் எந்திரமும் தொழிலாக வளரவில்லை. அதன்பிறகு சில கைத்தடிகள் வளைத்தார். கடையில் விற்கும் விலைக்கு அவரால் கொடுக்க முடியவில்லை, நிறுத்திக்கொண்டார். இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். தம் ஐம்பதாம் வயதில், தாம் நம்பிய விதியைத் தாமே மாற்றி எழுதிய ஒருவருக்கு அந்த அறிவால் ஒரு வேளைச் சோறுகூட நிலையாகக் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த ஆண்டு காஞ்சிபுரத்தில் நடந்த போட்டிக்கு அவர் வந்திருந்தார். அதற்கு முன்போ பின்போ அவர் எந்த ஆட்டத்தையும் பார்த்ததில்லை. வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எல்லைக்கோட்டை ஒட்டி நடந்தபடியே இருந்தார். பந்து எங்கே போகிறது என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. மட்டை தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் அவர் தோள் சற்றே குலுங்கியதை ஆடுகளத்திலிருந்து நான் கண்டேன். இரண்டு கோல் வேறுபாட்டில் தோற்றோம். நாங்கள் தலைகுனிந்து வெளியே வந்தபோது அவர் எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை. ஐந்து மட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, வளைவின் வெளிப்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவிப் பார்த்தார். ஐந்தாவதையும் பார்த்து முடித்துத் திருப்பித் தந்தபின்தான், "யாரு ஜெயிச்சது?" என்று கேட்டார்.