எட்டுப் படங்களில் ஓர் இதயம்

அரசு உயர்நிலைப் பள்ளியின் ஹைடெக் லேப். வாசலில் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. உள்ளே பத்தாம் வகுப்புக்கு அறிவியல் பாடவேளை. ஒரு கணினிக்கு மூன்று பேர். பின்சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

மூன்றாவது கணினி. நடுவில் மவுஸைப் பிடித்திருப்பவள் இரட்டைச் சடைக்காரி. ஒரு பக்கம் கண்ணாடி போட்ட பெண், மடியில் பாடப்புத்தகம். மறுபக்கம் நெட்டைப் பையன், கையில் ரஃப் நோட்டு. திரையில் ஸ்க்ராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவாகி 2007-இல் வெளிவந்த இலவச மென்பொருள். திறந்ததும் வந்து நிற்கும் ஆரஞ்சுப் பூனையை அழித்துவிட்டு, அங்கே மனித இதயத்தை வரைந்திருக்கிறார்கள். வலப்பாதி நீலம், இடப்பாதி சிவப்பு. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு படம். அதற்கு இவர்கள் சொல்லும் பெயர் காஸ்ட்யூம். படங்கள் அடுத்தடுத்து மாறினால் இதயம் துடிக்க வேண்டும்.

சடைக்காரி பச்சைக் கொடியை அழுத்துகிறாள். வலது ஆரிக்கிள் சுருங்குகிறது. பிறகு வலது வெண்ட்ரிக்கிள். ரத்தம் நுரையீரலுக்குப் போய்த் திரும்புகிறது. அப்புறம் இடது ஆரிக்கிள், கடைசியில் இடது வெண்ட்ரிக்கிள். நான்கு அறைகளும் ரேஷன் கடை வரிசைபோல முறை வைத்து வேலை பார்க்கின்றன. மூன்று பேர் முகத்திலும் பெருமிதம்.

ஆசிரியை வந்து நிற்கிறார். தப்பு என்று சொல்லவில்லை.

"வலது வெண்ட்ரிக்கிள் ரத்தத்தைத் தள்ளுறப்போ இடது வெண்ட்ரிக்கிள் என்ன பண்ணுது?"

"சும்மா இருக்கு டீச்சர்."

"அப்படியா? இதயச் சுழற்சிக்கு நேரம் கொடுத்திருக்காங்களே, எடுத்துப் பாருங்க." அடுத்த கணினிக்குப் போய்விடுகிறார்.

புத்தகத்துப் படத்தில் அம்புக்குறிகள் ஒரே பாதையாக ஓடுகின்றன. ரத்தம் போகும் வழி அதில் இருக்கிறது. எந்தக் கணத்தில் எது நடக்கிறது என்பது இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து வரைந்து, பாகங்களைக் குறித்து, முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். இந்தக் குழப்பம் வெளியே தெரியவே தெரியாது. அசைய வைக்கப் போனபோது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

கண்ணாடிக்காரி விரலை வைத்துப் படிக்கிறாள். ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி. இரண்டு ஆரிக்கிள்களும் சேர்ந்து சுருங்க 0.1. இரண்டு வெண்ட்ரிக்கிள்களும் சேர்ந்து சுருங்க 0.3. மீதி 0.4 வினாடி இதயம் முழுவதும் தளர்ந்திருக்கும்.

"ஏய், அப்போ ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் அடிக்குது!"

நெட்டைப் பையன் நோட்டில் கட்டம் போடுகிறான். படத்துக்கு 0.1 வினாடி என்றால் மொத்தம் எட்டுப் படம். ஒன்று ஆரிக்கிளுக்கு, மூன்று வெண்ட்ரிக்கிளுக்கு, நான்கு ஓய்வுக்கு. "பாதி நேரம் ரெஸ்ட்டா!" என்கிறான். வகுப்பில் பலமுறை சொல்லப்பட்டிருக்கக் கூடிய செய்திதான். எட்டில் நான்கு படத்தைத் தன் கையால் ஒதுக்கும்போதுதான் அவனுக்கு அது உறைக்கிறது.

அடுத்து ஒலி. 'லப்' எங்கே வர வேண்டும்? ஆரிக்கிள் சுருங்கும்போது என்கிறான் பையன். கண்ணாடிக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. "சத்தம் வால்வு மூடுறதால வருது." வெண்ட்ரிக்கிள்கள் சுருங்கத் தொடங்கும்போது மூவிதழ், ஈரிதழ் வால்வுகள் மூடுகின்றன, ஆகவே 'லப்' இரண்டாம் படத்தில். வெண்ட்ரிக்கிள்கள் தளரத் தொடங்கும்போது அரைச்சந்திர வால்வுகள் மூடுகின்றன. ஆகவே 'டப்' ஐந்தாம் படத்தில். எட்டு முடிந்ததும் மறுபடி ஒன்று. நிமிடத்துக்கு 75 துடிப்பு வருகிறது. பையன் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறான்.

கடைசிப் பத்து நிமிடம் பெரிய திரையில். வகுப்பே பார்க்கிறது. முன்வரிசையில் இருந்து ஒருவன் எழுகிறான். "ஓய்வுல படம் அப்படியே நிக்குதே? அப்போ வெண்ட்ரிக்கிளுக்குள்ள ரத்தம் எப்ப வந்துச்சு?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் வெண்ட்ரிக்கிளின் பெரும்பகுதி நிரம்புகிறது. ஆரிக்கிளின் சுருக்கம் மிச்சத்தை மட்டுமே தள்ளுகிறது. ஓய்வுப் படங்களைத் திருத்த வேண்டும் என்று நோட்டில் குறித்துக்கொள்கிறாள் சடைக்காரி. கேட்டவன் மேல் கோபம் இல்லை. ஆசிரியை வாயே திறக்கவில்லை.

இந்தக் கேள்விநேரம் உபரி வேலை அல்ல. ஜோசப் கிராஜ்சிக் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, ஏழாம் வகுப்பு மாணவர்களின் மூலக்கூறு அசைவுப்படங்களைப் பற்றியது. தாங்களே உருவாக்கி, விளக்கி, சக மாணவர்களின் படங்களையும் மதிப்பிட்டவர்கள், ஆசிரியர் தயாரித்ததைப் பார்த்து விளக்கியவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்றது அது.

இதற்கு நேரம் பிடிக்கும். இதே இதயத்தை ஆயத்தக் காணொளி மூன்றே நிமிடத்தில் காட்டிவிடும், பிழையில்லாமலும் காட்டும். ஆனால் அதில் இருப்பது அதை எடுத்தவரின் அறிவு. மூன்றாவது கணினியில் ஓடியது அந்தப் பிள்ளைகளின் அறிவு, அதன் ஓட்டைகளோடு. ஆசிரியருக்குத் தேவை இரண்டாவதுதான்.

எல்லாப் பாடத்துக்கும் இது வேண்டாம். இதயச் சுழற்சி, செல் பகுப்பு, மின்மோட்டார் என்று காலத்தில் நகரும் பாடங்கள் சிலவே. அறிவியல் ஆசிரியர்கள் ஆண்டுக்கு அவற்றில் ஒன்றையாவது பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டும். தலைமையாசிரியர்கள் அதற்குப் பாடவேளைகளை விட்டுக்கொடுக்க வேண்டும். முதலில் தப்பாகத்தான் ஓடும். அந்தத் தப்பிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது.