செம்மண் பூமியில் ஒரு நாள்

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்பதற்காகப் படகுப் பந்தயத்தை நிறுத்தியதாக நேயர்கள் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? ஆஸ்திரேலியாவின் நட்ட நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் அது நடந்திருக்கிறது. அவ்வூர் டாட் நதியில் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணலைத்தான் பார்க்கலாம். 1962-ல் ஊரார் அந்த மணலிலேயே ஒரு பந்தயத்தைத் தொடங்கினார்கள். அடிப்பாகம் இல்லாத படகுக்குள் நின்று, படகைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்! 1993-ல் நிஜமாகவே வெள்ளம் வந்துவிட, பந்தயம் ரத்தாயிற்று. பாலாற்றைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த நதியின்மேல் உடனே ஒரு பாசம் உண்டாகிவிட்டது.

ஜூலை மாதம்; அங்கே அது குளிர்காலம். விடியற்காலையில் பல் கிட்டியது. நாமும் நம் சகதர்மிணியும் எட்டு வயதுப் புதல்வனும் ஒரு மோட்டாரை வாடகைக்கு எடுத்து, தண்ணீர்க் கேன்களையும் புளியோதரையையும் ஏற்றிக்கொண்டு, மேற்கே புறப்பட்டோம். வலப்புறத்தில் செக்கச் செவேலென்று ஒரு மலைத்தொடர் கூடவே வந்தது. 1860-ல் இவ்வழி வந்த ஸ்டூவர்ட் என்னும் வெள்ளைக்காரர், அக்காலத்துக் கவர்னர் ஒருவரின் பெயரை அதற்குச் சூட்டி மாக்டானல் மலை என்றார். அங்கே வழிவழியாக வாழும் அரண்டா மக்கள் அதைச் சூரிட்ஜா என்கிறார்கள்.

ஊரைத் தாண்டியதும் பாதிரியார் ஜான் ஃப்ளின்னின் சமாதி இருக்கிறது. ஆஸ்பத்திரியே இல்லாத பாலைவனத்து ஜனங்களுக்கு ஆகாய விமானத்தில் வைத்தியரை அனுப்பும் ஏற்பாட்டை 1928-ல் தொடங்கிய புண்ணியவான் அவர். 1951-ல் அவர் காலமான பிறகு, வடக்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தூரத்திலுள்ள கார்லு கார்லு என்ற இடத்திலிருந்து ஓர் உருண்டைப் பாறையைக் கொண்டுவந்து சமாதியின்மேல் வைத்தார்கள். அந்தப் பாறை அவ்விடத்துப் பூர்வகுடிகளுக்குத் தெய்வம் போன்றது. அவர்களை யாரும் கேட்கவில்லை. பல வருஷ முறையீட்டுக்குப் பிறகு 1999-ல் பாறை தன் இடத்துக்குத் திரும்பிற்று. சமாதி வெறுமையாக இருக்கலாகாதென்று அரண்டா மக்கள் தங்கள் பூமியிலிருந்து வேறொரு கல்லைக் கொடுத்தார்கள். அந்தக் கல்லைத்தான் நாம் இப்போது பார்க்கிறோம். இழந்தவர்கள் படும் துயரம் அறிந்தவர்களுக்கே இப்படிக் கொடுக்கவும் மனம் வரும் போலும்!

சரியாகப் பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்டான்லி பிளவில் இருக்கவேண்டும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1914-ல் முதல் பள்ளிக்கூடம் நடத்திய ஐடா ஸ்டான்லி அம்மையாரின் பெயர் அது. இடமோ அரண்டா மக்களுக்குச் சொந்தம், அவர்களே நிர்வகிக்கிறார்கள். இரு பக்கமும் 260 அடி உயரச் சுவர்; நடுவே பத்தடி அகலம்தான் இருக்கும். கடினமான பாறைக்குள் சற்று இளகிய வேறொரு பாறை நரம்புபோல் ஓடியிருந்ததாம். யுகயுகாந்தரமாக வெள்ளம் அந்த நரம்பை மட்டும் அரித்துக்கொண்டு போய்விட்டது.

நாம் நுழைந்தபோது உள்ளே நிழலும் குளிர்ச்சியும் இருந்தன. திடீரென்று மேற்குச் சுவரின் உச்சியில் ஒரு பொன்கோடு தோன்றியது. அது மெள்ள இறங்கி, கீழே மணலைத் தொட்டது. அடுத்த கணம் இரண்டு சுவர்களும் தணல்போல் ஜொலித்தன. புதல்வன் தன் கையைப் பார்த்துவிட்டு, "அப்பா, என் கைகூடச் சிவந்துவிட்டது!" என்று கூவினான். கால்மணி நேரத்துக்குள் நிழல் மறுபடியும் ஏறிவிட்டது.

அங்கிருந்து மேற்கே செல்லும் சாலைக்கு நமத்ஜிரா சாலை என்று பெயர். ஆல்பர்ட் நமத்ஜிரா 1902-ல் பக்கத்து ஹெர்மன்ஸ்பர்க் கிராமத்தில் பிறந்த அரண்டா சித்திரக்காரர். இம்மலைகளையும், நம் நீலகிரித் தைல மரத்துக்கு உறவான வெள்ளைப் பட்டை மரங்களையும் நீர்வர்ணத்தில் தீட்டினார். 1938-ல் மெல்போர்னில் வைத்த படங்கள் அத்தனையும் விற்றுப்போயின. ஆனால் மாடு மேய்க்க நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டார்; கிடைக்கவில்லை. ஊருக்குள் வீடு கட்ட மனை கேட்டார், அதுவும் கிடைக்கவில்லை. 1957-ல்தான் அவரைப் பூரணப் பிரஜையாக ஏற்றார்கள். மறு வருஷமே, தம் இனத்தாருக்கு மது கொடுத்த குற்றத்துக்காகத் தண்டித்தார்கள். 1959-ல் மனமுடைந்து மறைந்தார். உயிரோடிருந்தபோது மனை மறுக்கப்பட்டவரின் பெயரில் இன்று நெடுஞ்சாலை!

எல்லெரி ஓடையில் சாப்பாடு. செங்குத்தான பாறைகளுக்கு நடுவே பச்சைக் குளம். காலை வைத்தவுடன் விறைத்துப்போயிற்று. நம் சகதர்மிணி கரையில் ஒரு சிவப்புக் கூழாங்கல்லைக் கண்டெடுத்தாள். "கொலுவில் மலை கட்டும்போது உச்சியில் வைக்கலாம், பாருங்கள்!" என்று சொல்லிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். நாமும் அழகாயிருக்கிறதென்றே சொன்னோம்.

அடுத்தது காவிக் குழிகள். ஓடைக்கரை முழுவதும் சிவப்பு, மஞ்சள், வெள்ளை மண் வரிவரியாக நிற்கிறது. சடங்குகளில் உடம்பில் பூசுவதற்கான அந்த மண்ணை எடுக்கும் உரிமை அதற்குரியவர்களுக்கு மட்டுமே உண்டு. மற்றவர்கள் தொடக்கூடாது என்று பலகை சொல்கிறது. சகதர்மிணி அதை இரண்டு தடவை வாசித்தாள், ஒன்றும் பேசவில்லை.

மாலையில் ஆர்மிஸ்டன் பள்ளத்தாக்கின் மேல் ஏறி நின்றோம். கீழே கோடையிலும் வற்றாத மடு. எதிரே பாறைகள் ஆரஞ்சிலிருந்து சிவப்பாகி, சிவப்பிலிருந்து ஊதாவாயின. நமத்ஜிராவின் படங்களின் அச்சுப் பிரதிகளை முன்பு பார்த்தபோது, "வர்ணம் கொஞ்சம் அதிகம்" என்று நினைத்ததுண்டு. அன்று அந்த நினைப்புக்காக வெட்கப்பட்டோம். அவர் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார். அந்தப் படங்களின் பதிப்புரிமையைக்கூட 1983-ல் அரசாங்க அதிகாரி ஒருவர் அற்பத் தொகைக்கு விற்றுவிட்டார். அவர் சந்ததியாருக்காக அமைந்த தர்ம ஸ்தாபனத்துக்கு அது 2017-ல்தான் திரும்பி வந்தது. அவர் தீட்டிய இரட்டை வெள்ளை மரங்களோ 2013-ன் தொடக்கத்தில் கருகி விழுந்து கிடந்தன. யாரோ வைத்த தீயென்று சந்தேகம். அவை திரும்பப்போவதில்லை.

திரும்பும் வழியில், "எல்லெரிக்குத் திருப்புங்கள்" என்றாள் சகதர்மிணி. இருட்டப் போகிறது என்று சொல்லிப் பார்த்தோம். பதில் இல்லை, திருப்பினோம். அவள் டார்ச் விளக்குடன் இறங்கி, எடுத்த இடத்தைத் தேடிக் கூழாங்கல்லை வைத்துவிட்டு வந்தாள்.

"கொலு மலைக்கு என்ன செய்வாய், அம்மா?" என்று புதல்வன் கேட்டான்.

"நம் ஊரில் கல்லுக்கா பஞ்சம்!" என்றாள்.