உப்புமாவும் வருகைப் பதிவேடும்

காமர்ஸ் படிக்கிறவனுக்குப் பள்ளிக்கூடச் சாப்பாட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பிசினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரில் சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியாச்சு. அதை நிஜமான ஒன்றில் போட்டுப் பார்க்கலாமே என்று ஒரு ஆசை, அவ்வளவுதான்.

அதோட இது எங்க ஊர் விஷயமும்கூட. ஆம்பூரில் காலை ஏழு, ஏழரைக்கு ரோட்டோரம் நின்று பாருங்கள். ஷூ கம்பெனி வேனும் பஸ்ஸும் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். எங்க சித்தியும் அதில் ஒருத்தர். பிள்ளை பல் விளக்கும்போதே அவங்க கிளம்பியாகணும். அந்த வீட்டில் காலைச் சாப்பாடு என்றால் ராத்திரி மிச்சம், இல்லாவிட்டால் டீயும் பன்னும்.

2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டமாக 1,545 அரசுப் பள்ளிகள், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. பிறகு மாநிலத் திட்டக் குழு வருகைக் கணக்கைப் பார்த்தது. 1,543 பள்ளிகளில் 1,319-ல் வருகை கூடியிருந்தது. நூற்றுக்கு 85 பள்ளிகள்!

சந்தோஷம்தான். ஆனால் ஒப்பிட்டது எந்த மாதங்களை? 2022 ஜூன், ஜூலையை 2023 ஜனவரி, பிப்ரவரியோடு. நம்ம பாஷையில் சொன்னால், ஆடி மாச வியாபாரத்தைத் தீபாவளி வியாபாரத்தோடு வைத்துப் பார்க்கிற மாதிரி. ஜூனில் அட்மிஷனே முடிந்திருக்காது. அதுவும் கொரோனாவுக்கு அப்புறம் ஒழுங்காக ஜூனில் பள்ளி திறந்த முதல் வருஷம் அது. திட்டம் வராத பள்ளியில் அதே மாதங்களில் எவ்வளவு கூடியது? அதைக் கழித்தால்தான் மிச்சம் உப்புமாவின் கணக்கில் வரும். அப்படிக் கழிக்க ஒரு பதினோரு மாதம்தான் வாய்ப்பு இருந்தது. 2023 ஆகஸ்ட் 25-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் திட்டம் வந்துவிட்டது. ஒப்பிட வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளைப் பட்டினி போடச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள் :-)

நூறு வருஷம் முன்னாடியே இந்தக் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். 1920-ல் தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. தலைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது. பிறகு இன்னும் நாலு பள்ளிகள். அந்த ஐந்திலும் சேர்த்து 1922-23-ல் 811 பிள்ளைகள், 1924-25-ல் 1,671. அடுத்து 1925-ல் கல்வி நிதியிலிருந்து செலவழிக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு சொல்ல, திட்டம் நின்றது.

எங்க பக்கத்துப் புள்ளிவிவரம் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. இது தெரியாமல் வேலூர் என்று போட்டு வரைபடம் வரைந்தால், பாதிப் பிள்ளைகள் திடீரென்று காணாமல் போன மாதிரி இருக்கும்.

ஆனால் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது சராசரிதான். இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றிலும் 30 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வாரத்தின் வருகை 80 சதவீதம். முதல் வகுப்பில் எல்லாரும் ஆளுக்கு ஒரு நாள் லீவு. இரண்டாவதில் 24 பேர் தினமும் வருகிறார்கள், 6 பேர் வருவதே இல்லை. சமைப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், சராசரியாக 24 தட்டு. ரிப்போர்ட்டில் படிப்பவருக்கும் ஒன்றுதான். அந்த ஆறு பேர் 80-க்குள் மறைந்து போகிறார்கள்.

அதனால் கூட்டுத்தொகையை விட்டுவிட்டு ஒவ்வொரு பிள்ளையின் வரிசையையும் குறுக்காகப் படிக்கணும். இப்போது எமிஸில் டீச்சர்கள் தினமும் போனிலேயே வருகை போடுகிறார்கள், அதனால் டேட்டாவுக்குப் பஞ்சமில்லை. கிழமைவாரியாகப் பிரித்தால் இன்னும் சுவாரசியம். தொடங்கினப்ப திங்கள் உப்புமா, புதன் பொங்கல். புதன்கிழமை கூட்டம் அதிகமா என்று பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை!

தெரிந்த டீச்சர் ஒருத்தரிடம் இதையெல்லாம் சொல்லி, "எக்செல்ல போட்டுத் தரட்டுமா மேடம்?" என்று கேட்டேன். "எதுக்குப்பா?" என்று சிரித்துவிட்டு, வராத பிள்ளைகளின் பெயரை விரல்விட்டுச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதில் ஒரு பெண் நாலாம் வகுப்பு. அம்மா கம்பெனி வேன் ஏறியதும் தம்பியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. தம்பிக்கு இன்னும் இரண்டு வயசு ஆகவில்லை. பள்ளியில் அவளுக்குத் தட்டு இருக்கிறது, அவனை விட்டுவிட்டு வர இடம்தான் இல்லை. பதிவேட்டில் அவளுக்கு நேராக இருப்பது வெறும் 'ஆ'. காரணம் எழுத அதில் கட்டமே கிடையாது.