65,078 பெண்கள்... ஒரே ஒரு வாசல்!

சீனான்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பெருஞ்சுவர், ஜாக்கி சான், தள்ளுவண்டி நூடுல்ஸ். கொஞ்சம் சினிமா கிறுக்கு உள்ள ஆளா இருந்தா, 2000-ல் வந்த 'க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படம். வெள்ளைச் சுவரும் கறுப்பு ஓடுமாக, தண்ணியில் தலைகீழாத் தெரியுற ஒரு கிராமம் அதில் வருமே... அது செட் இல்லை பாஸ், நிஜ ஊர்! பேரு ஹோங்சுன். அன்ஹுய் மாகாணத்தின் தெற்கில், மலைகளுக்கு நடுவே இருக்கு. அந்த வட்டாரத்துக்குப் பழைய பேர் ஹுய்ஜோ.

கூட்டம் எல்லாம் ஹோங்சுனுக்குப் போகட்டும். நாம அதே வட்டாரத்தில் இருக்கிற ஷெஷியன் என்ற பழைய ஊருக்குப் போவோம். எதுக்கு? வாசல் பார்க்க!

நம்ம ஊர்களில் எல்லையில் 'ஆர்ச்' வெப்பாங்க இல்லையா, அது மாதிரிதான். ஆனா வளைவு கிடையாது. நெடுநெடுன்னு கல் தூண்கள், குறுக்கே கல் உத்தரங்கள், நடுவில் எழுத்துப் பலகை. சீன மொழியில் 'பைஃபாங்'. இந்தியாவின் தோரண வாயில்தான் இதுக்கு மூதாதைன்னு சொல்ற ஆய்வாளர்களும் உண்டு. யாரைப் பேரரசர் பெருமைப்படுத்தணும்னு நினைச்சாரோ, அவருக்காக இது எழும்பும். அதாவது, கல்லில் கொடுத்த மெடல்.

ஷெஷியன் பழைய நகரத்துக்கு நடுவிலேயே முதல் மெடல் நிக்குது. 1584-ல் கட்டினது. மற்ற வாசல்களுக்கு நாலு கால்னா, இதுக்கு எட்டு கால்! சுமார் 11 மீட்டர் உயரம். காலடியில் கல் சிங்கங்கள். சொந்தக்காரர் ஷூ குவோ, மிங் பேரரசின் பெரிய மந்திரி. இவரைப் பற்றி ஊரில் ஒரு கதை உலவுது. வாசல் கட்ட லீவு வாங்கிட்டு வந்தவர், மாசக்கணக்கா திரும்பிப் போகலை. கடுப்பான பேரரசர், "எட்டுக்கால் வாசல் கட்டியிருந்தாக்கூட இந்நேரம் முடிஞ்சிருக்குமே!"ன்னு கத்த, மனுஷன் சட்டுனு விழுந்து கும்பிட்டு, "தாங்களே சொல்லிட்டீங்க பிரபு, எட்டுக்கால்தான் கட்டியிருக்கேன்"ன்னாராம். லேட்டா ரெக்கார்ட் நோட் வைக்கிற எல்லாரும் கத்துக்க வேண்டிய டெக்னிக்!

சிரிச்சிட்டீங்களா? இப்ப பக்கத்தில் இருக்கிற தௌஷான் தெருவுக்குள்ள நுழைங்க. கல் பாவின ஒடுக்கமான சந்து. ரெண்டு பக்கமும் மாடி உயரத்துக்கு வெள்ளைச் சுவர்கள். வெளிப்பக்கம் ஜன்னல்கள் குட்டியாக, எட்டாத உயரத்தில் இருக்கும். வெளிச்சமும் காற்றும் வீட்டுக்குள் இருக்கிற முற்றத்து வழியாத்தான். கூரையில் விழுற மழை நாலு பக்கமிருந்தும் முற்றத்தில் கொட்டும். தண்ணி உள்ளே வந்தா செல்வமும் உள்ளே வரும்னு நம்பிக்கை.

ஏன் இப்படிக் கோட்டை மாதிரி வீடு? திருட்டு பயம் ஒரு காரணம். வீட்டில் ஆம்பளைங்க இருக்க மாட்டாங்களே! ஹுய்ஜோவில் மலை அதிகம், விளைநிலம் கம்மி. பதிமூணு, பதினாலு வயசிலேயே பையன்களை வியாபாரம் பழக வெளியூர் அனுப்பிடுவாங்க. உப்பு, தேயிலை, மரம், அடகுக்கடைன்னு சம்பாதிச்சு, சில வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவாங்க. கல்யாணம் பண்ணிட்டு மறுபடி கிளம்பிடுவாங்க. பணம் வந்துடும். பல பேர் வரவே மாட்டாங்க. மாடியில் நின்னு வழி பார்த்த பெண்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த முற்றத்துக்கு மேலே இருக்கிற ஒரு துண்டு வானம்தான்.

அந்தப் பெண்கள் என்ன ஆனாங்க? அதைத் தெரிஞ்சுக்க ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டரில் இருக்கிற தாங்யுவே கிராமத்துக்குப் போகணும்.

வசந்த காலத்தில் போனா மஞ்சள் மஞ்சளா கடுகுப் பூ வயல். அதுக்கு நடுவே லேசா வளையுற பாதையில் வரிசையா ஏழு கல் வாசல்கள். கேமராவை எடுக்காம இருக்கவே முடியாது. மூணு மிங் காலத்தது, நாலு சிங் காலத்தது. எல்லாமே உப்பு வியாபாரத்தில் கொழித்த பாவ் குடும்பத்துக்குச் சொந்தம். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் விசுவாசம், பெற்றோர் பக்தி, கற்பு, தர்மம் என்ற வரிசையில்தான் வரும்.

ஒரு வாசல் ஓர் அப்பா - பிள்ளைக்கானது. கலகக்காரர்கள் கையில் சிக்கினப்போ, 'என்னைக் கொல்லு, அவனை விடு'ன்னு ரெண்டு பேரும் மாறி மாறி முன்வந்தாங்களாம். பேர்கள்: பாவ் ஜோங்யான், பாவ் ஷௌசுன். நடுவில் இருக்கிறது 1820-ஐச் சேர்ந்தது. வெள்ளத்தில் தவிச்ச ஜனங்களுக்குத் தானியம் வாரிக் கொடுத்த வியாபாரி பாவ் ஷூஃபாங்குக்காக.

கற்புக்கான ரெண்டு வாசல்கள்கிட்ட வாங்க. 1767-ல் எழும்பின ஒண்ணு யாருக்குத் தெரியுமா? 'பாவ் வென்யுவானின் இரண்டாம் மனைவி, வூ'. அவ்வளவுதான் விவரம். 'வூ'ங்கிறது அவங்க பிறந்த குடும்பத்தின் பேர். சொந்தப் பேர் இல்லை. தூரத்து ஊரிலிருந்து 22 வயசில் வாழ்க்கைப்பட்டு வந்தவங்க. 29-ல் கணவர் போயிட்டார். மூத்த தாரத்துப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கி, 31 வருஷம் விதவையா வாழ்ந்தாங்க. 'ஒற்றை இழையில் வம்சம் பிழைத்தது' என்ற பொருளில் கல்லில் பொறிச்சிருக்காங்க. வம்சத்தைக் காப்பாத்தின அந்த இழைக்கு ஒரு பேர் போட இடம் இல்லை!

இதுக்குப் பின்னால் சட்டமே இருந்தது. 1368-ல் மிங் பேரரசர் ஹோங்வு ஓர் ஆணை போட்டார். முப்பது வயசுக்குள் விதவையாகி, ஐம்பது தாண்டியும் மறுமணம் செய்யாத பெண்ணுக்கு அரசு மரியாதை உண்டு. அந்தக் குடும்பத்துக்குக் கட்டாய உழைப்பிலிருந்து விலக்கும் உண்டு. சிங் அரசோ வாசல் கட்ட 30 டேல் வெள்ளியே கொடுத்தது. மறுமணம் செஞ்சா? கணவர் சொத்தும் போச்சு, தான் கொண்டுவந்த சீரும் போச்சு. இப்ப சொல்லுங்க, மறுமணம் வேண்டாம்னு அந்தப் பெண் சொன்னா, அதில் அவ மனசு எவ்வளவு, மாமியார் வீட்டுக் கணக்கு எவ்வளவு?

தாங்யுவேயிலேயே பெண்களுக்குன்னு ஒரு முன்னோர் மண்டபமும் இருக்கு. சீனாவில் இது அபூர்வம். 1800-களின் தொடக்கத்தில் அதே பாவ் குடும்பத்தைச் சேர்ந்த ஒருத்தர் கட்டினது. ஆண்கள் மண்டபம் தெற்கே பார்த்திருக்க, பெண்கள் மண்டபம் வடக்கே பார்த்திருக்கு. மரச் சிற்பமும் செங்கல் சிற்பமும் கண்ணைப் பறிக்கும். நின்னு பாருங்க. பாராட்டணும்னும் தோணும், கோபமும் வரும். ரெண்டுமே நியாயம்தான்.

மறுபடி ஷெஷியன் திரும்புங்க. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி இன்னும் ஒரே ஒரு வாசல் பாக்கி. ஏற்கெனவே பார்த்ததை எல்லாம் நினைச்சுட்டுப் போனா ஏமாந்துடுவீங்க. செங்கல்லால் கட்டின எளிமையான வாசல். சிங்கமும் இல்லை, எட்டுக் காலும் இல்லை. வருஷம் 1905. அரசுத் தேர்வு முறையை சீனா தூக்கிப் போட்ட அதே வருஷம். இன்னும் ஆறு வருஷத்தில் புரட்சி வெடிக்கப் போகுது. கடைசியா ஒரு தடவை கணக்கை முடிச்ச மாதிரி, ஹுய்ஜோ முழுக்கத் தலைமுறை தலைமுறையா அப்படி வாழ்ந்த பெண்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே வாசல். அதில் பொறிச்ச எண்ணிக்கை: 65,078.

ஒரு பெரிய கிரிக்கெட் ஸ்டேடியம் நிறைய பெண்கள். ஒருத்திக்கு ஒரு செங்கல் வெச்சிருந்தாக்கூட அந்த வாசல் பத்தாது. ஒரு மந்திரிக்கு எட்டுக் கால், இவங்களுக்கு ஒரு நம்பர்.

பெருமைப்படுத்துறேன்னு சொல்லியே ஒருத்தரைப் பூட்டி வைக்க முடியும்னு எனக்குக் காட்டினது அந்தச் செங்கல் வாசல்தான். 'நீ ரொம்ப நல்ல பொண்ணு, எதிர்த்தே பேச மாட்டே'ன்னு உங்க பக்கத்து சீட் தோழியை யாராவது பாராட்டும்போது கொஞ்சம் கவனிங்க. அது மெடலா, பூட்டான்னு அவகிட்டயே கேளுங்க.

அப்புறம், உங்க பாட்டியோட பாட்டி பேர் உங்களுக்குத் தெரியுமா? இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் கேட்டு எழுதி வெச்சுக்கோங்க.

போக ஆசையா?

ஹாங்ஜோ - ஹுவாங்ஷான் அதிவேக ரயில் பாதை 2018 டிசம்பரில் திறந்தாச்சு. ஹாங்ஜோவிலிருந்து மலைகளைக் குடைஞ்சுக்கிட்டு வந்து சேர்ந்துடலாம். கடுகுப் பூ பார்க்க மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம் பெஸ்ட். தாங்யுவேயில் நுழைவுக் கட்டணம் உண்டு. ஹோங்சுனும் பக்கத்து ஷிதி கிராமமும் 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. கையோடு பார்த்துட்டு வாங்க. வழுக்காத செருப்பு முக்கியம். மழை பெஞ்சா அந்தக் கல் தெருக்களில் காலை ஊன்ற முடியாது!